கல் வலிக்காத கால்

வாகிமினுக்கு உடம்பிலேயே பிடித்த உறுப்பு அவருடைய இடது கால்தான். மலாங் நகரத்தில் ஆங்கோட் என்கிற ஷேர் வேன் ஓட்டுகிறவர் அவர். கை காட்டுகிற இடத்தில் நிறுத்தி, பயணி கூரையில் தட்டுகிற இடத்தில் இறக்கிவிட்டு, நாள் முழுக்கக் கிளட்சை மிதித்து மிதித்து அந்தக் கெண்டைக்கால் உரமேறியிருந்தது. “என் பொண்டாட்டி பிள்ளைங்களுக்குச் சோறு போடுறது இந்தக் கால்தான்” என்று தொடையில் தட்டிக் காட்டுவார். சொன்னது பொய்யும் இல்லை.

அவருக்குச் சர்க்கரை வந்ததும் சுகாதார நிலையத்து சிஸ்டர் யூலி தினமும் நடக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலைகளில் வாசலில் பாட்டுப் போட்டு, சர்க்கரைக்காரர்களை வரிசையாக நிறுத்திக் கைகால் ஆட்டவைக்கிறவள் அவள். ஐயா என்பதற்கு அந்த ஊரில் ‘பாக்’ என்பார்கள்.

“ஷூ போட்டுட்டு நடங்க, பாக். வெறும் வயித்துல நடக்காதீங்க. பாக்கெட்ல ஒரு மிட்டாய் இருக்கட்டும், தலை சுத்துனா வாயில போட்டுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க.”

“என் காலை நான் என்னத்த பாக்குறது சிஸ்டர்? அது என்ன புதுப் பொண்ணா?”

வரிசையே சிரித்தது. யூலியும் சிரித்துவிட்டு, மறுபடியும் அதையே முதலிலிருந்து சொன்னாள். நடக்க வேண்டும் என்பது மட்டும் அவர் காதில் ஏறியது. மீதி பாட்டுச் சத்தத்தில் போயிற்று.

நடப்பதென்றால் பூங்காவில் கல் பாதை இருக்கிறது. கூழாங்கற்களை நெட்டுக்குத்தாகச் சிமெண்டில் பதித்த பாதை அது. பக்கத்துப் பலகையில் பெரிதாக ஓர் உள்ளங்கால் படம். இந்த இடம் கல்லீரல், இந்த இடம் சிறுநீரகம், நடுவில் கணையம் என்று வண்ண வண்ணமாக எழுதியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்க வேண்டும். எங்கே வலிக்கிறதோ அந்த உறுப்பில் கோளாறு. வலிக்காவிட்டால் என்ன என்று பலகையில் இல்லை. கோளாறு இல்லை என்று ஊரே சேர்த்துப் படித்துக்கொண்டது.

புருஷனை ‘மாஸ்’ என்று கூப்பிடுகிற மனைவி சுமினா இரண்டடி வைப்பதற்குள் கூச்சல் போட்டாள். “யா அல்லா, உசிரு போகுது மாஸ்!”

“அது கிட்னி இருக்கிற இடம்டி. தண்ணி குடின்னு சொன்னா கேக்குறியா?” என்றபடி வாகிமின் விறுவிறுவென்று போய்த் திரும்பி வந்தார்.

பக்கத்து வீட்டு டார்மோ ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே வாயைப் பிளந்தார். “கணையம் இருக்கிற இடத்துல கூடவா வலிக்கல?”

“பஞ்சுல நடக்குற மாதிரி இருக்கு.”

“அப்ப உங்க சர்க்கரை ஓடியே போச்சு, பாக்!”

அன்றைக்கு சுமினா சந்தோஷத்தில் அவருடைய டீயில் மறுபடியும் சர்க்கரை போட்டாள். கால் செத்துக்கொண்டிருந்தது. அதற்குப் போய் இத்தனை பேர் கைதட்டினார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு நாள் வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் தரையில் பழுப்புத் தடம் இருந்தது. சேற்றை மிதித்துவிட்டு வந்தீர்களா என்று திட்டிக்கொண்டே துடைத்த சுமினா, துணியை முகர்ந்து பார்த்ததும் ரத்த வாடை அடிக்க, நின்றுவிட்டாள். வாகிமின் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே உடைந்த கல் சில்லு ஒன்று முழுசாக உள்ளே போயிருந்தது.

“பாத்தியா, ஒரு வலி இல்ல!” என்று அதற்கும் அவர் பெருமைதான் பட்டார்.

“சிஸ்டர்கிட்ட ஒரு எட்டு போய் காட்டிட்டு வாங்களேன்.”

“வலிச்சாத்தானே காட்டணும்?”

சில்லைப் பிடுங்கி, காயத்தில் காப்பித்தூளை அப்பிக் கட்டினார்கள். அங்கே எல்லாரும் செய்வதுதான். மறுநாள் கட்டோடு வண்டி ஓட்டினார். கட்டை அவிழ்த்துவிட்டுக் கல் பாதையிலும் நடந்தார்.

பிறகு வண்டியில் பயணிகள் மூக்கைப் பொத்த ஆரம்பித்தார்கள். “சீட்டுக்கு அடியில எலி செத்துக் கெடக்கு போல, பாக்” என்றாள் காய்கறிக் கூடையோடு வந்த ஒருத்தி. வாகிமின் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிப் பார்த்தார். எலி இல்லை. திரும்ப ஏறி உட்கார்ந்து கிளட்சின் மேல் காலை வைத்தபோது, நாற்றம் தன்னோடுதான் ஏறி இறங்குகிறது என்று அவருக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வண்டி முதலாளி வந்து பழங்கள் வைத்தார், நலம் விசாரித்தார், சாவியை வாங்கிக்கொண்டு போனார். வேறென்ன செய்வார்? யூலியும் வந்தாள். ஷூவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் கேட்டார்.

“கல்லு வலிக்கவே இல்லையே சிஸ்டர். வலிச்சிருந்தா அன்னிக்கே நின்னிருப்பேனே.”

“வலிக்காததுதான் நோவு, பாக்” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வாகிமின் யாரோடும் பேசுவதில்லை. தெருவில் ஆங்கோட் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் மட்டும், போர்வைக்கடியில் தொடை தானாக இறுகும். அது அவருக்கே அவமானமாக இருந்தது. தான் செத்திருந்தால் சுமினா ஒரு தடவை அழுதுவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, அவர் வீறிட்டார். சுமினா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“வலிக்குதுடி!”

“எங்க மாஸ்?”

“இடது கால்ல. பெருவிரலுக்குக் கீழ. கல்லு குத்துது, அய்யோ, அந்தக் கல்லு குத்துது!”

சுமினா கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மெத்தையை அமுக்கிவிட ஆரம்பித்தாள். அவள் கையைப் பார்க்கப் பயந்து வாகிமின் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றார்.