குறங்கு எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்

விமான நிலையத்தில் பையைக் குடைந்த அதிகாரி உள்ளேயிருந்து ஒரு பொம்மைக் குரங்கை வெளியே எடுத்தார். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இது யாருடையது என்று கேட்டார். வரிசையில் முன்னால் நின்ற பதினொரு வயதுப் பெண் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினாள். மீசையும் தொப்பையுமாக நின்ற நாற்பத்தைந்து வயது லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னுடையதுதான்" என்றார். அதிகாரி அவரையும் குரங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் உள்ளே விட்டார்.

உண்மையில் அது அவருடையது அல்ல. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஒரு கண் ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டைச் சரிசெய்யப் போன இடத்தில், நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடும் பெண்மணியைச் சந்தித்தார். லிஃப்ட் சரியான பிறகும், பிரேக்கில் ஏதோ சத்தம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு நாலு மாதம் அங்கேயே சுற்றினார். கல்யாணம் என்று பேச்சு வந்தபோது, "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஒன்பதரை வயசு, முதல்ல அவளை வந்து பாருங்க" என்றாள் அவள். ஒன்பதரை வயதுக்கு என்ன வாங்குவது என்று கடையில் கேட்கக் கூச்சப்பட்டு, கைக்கு எட்டிய குரங்கைத் தூக்கிக்கொண்டு போனார். பல் முளைக்கிற குழந்தைகள் கடித்து விளையாடுகிற குரங்கு அது. அந்தப் பெண் அதை வாங்கி, அம்மாவைப் பார்த்து "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அதன்பிறகு ஒன்றரை வருடம் அது அங்கிருந்து இறங்கவில்லை.

ஐரோப்பாவுக்கு ஒன்பது நாள் போய்வரலாம் என்று கிளம்பிய காலையில், கேஸ் மூடியாயிற்றா என்று பார்க்க அடுக்களைக்குப் போனவர் அதைப் பார்த்தார். தூசி படிந்து, இறங்கிப்போன ஒரு கண்ணோடு, யாராவது கூப்பிடமாட்டார்களா என்பது போல உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் தன்னுடைய நிலைமையில் இருக்கிற இன்னொரு ஜீவன் இதுதான் என்று தோன்றியதும், தட்டிவிட்டுப் பையில் திணித்துக்கொண்டார்.

அவருடைய நிலைமை இதுதான். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கூப்பிடத்தான் வாய் வரவில்லை. நீ என்று சொல்லமாட்டாள், நீங்கள் என்றும் சொல்லமாட்டாள். இரண்டையும் சொல்லாமல் தமிழில் ஒன்றரை வருடம் காலம் தள்ள முடியும் என்று அவளைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். "சாப்பாடு ஆறுது" என்பாள், சுவரைப் பார்த்து. "யாரோ பாத்ரூம் லைட்டை அணைக்கல" என்பாள், வீட்டில் அந்த யாரோ ஒருத்தர்தான் என்று தெரிந்தும். அவசரமென்றால் அம்மா வழியாக வரும்: "ரிமோட் மேல உக்காந்திருக்கிறதா சொல்லும்மா." அப்பா என்கிற சொல்லுக்கு உரியவர் அவளுக்கு மூன்று வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தில் போய் உட்கார இவருக்கும் ஆசை இல்லை. அங்கிள் போதும். யோவ் என்றாலும் திரும்பிப் பார்க்கத் தயாராகத்தான் இருந்தார்.

முதல் ஊரில் வானத்தைத் தொடுகிற ஒரு கோபுரத்தைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் அம்மாவும் மகளும் பார்த்தார்கள். இவர் பார்த்தது அதன் லிஃப்ட்டை. மறுநாள் காலை, மற்ற இருவரும் குளித்துக் கிளம்புவதற்குள் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் குரங்கை மேஜைமேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருக்கவில்லை. எங்கே போனாலும் பையில் கிடக்கிற சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளில் எழுதினார்.

"இடம்: உயரமான கோபுரம். கண்ட குறை: நம்ம ஆள். ஊரே மேலே போய் ஊரைப் பார்த்தது. இவர் மட்டும் லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் கயிறு மாற்றி எவ்வளவு நாள் ஆச்சு என்று சைகையில் கேட்டார். கைகால் உதறிக் கேட்ட விதத்தில், இவருக்கு வலிப்பு என்று நினைத்து அவர் தண்ணீர் தெளித்துவிட்டார். செய்த வேலை: துடைத்துக்கொண்டோம். தற்போதைய நிலை: ஓட்டலில் அரை கொடுத்திருக்கிறார்கள், தூங்கினோம். கையெழுத்து: குறங்கு."

எழுதிய தாளைக் குரங்கின் கால் இடுக்கில் செருகிவிட்டு இரண்டாவது காப்பிக்குப் போனார். திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில் மும்முரமாக இருந்தாள். தாளில் சிவப்புப் பென்சில் விளையாடியிருந்தது. "ஓட்டலில் அரை" என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டு, "அறை. மீதி அரை எங்கே?" என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்குக் கீழே: "குறங்கு என்றால் தொடை என்று அகராதியில் இருக்கிறது. தொடையா டைரி எழுதும்?"

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கும் ரகர றகரத்துக்கும் ஆகாது. லகர ளகர ழகரம் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காக வாங்கிய அடிகளை எண்ண முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பாக எழுதியதற்காக அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஒன்றரை வருடத்தில் அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி, தொடை டைரி எழுதுமா என்பதுதான். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ரிப்போர்ட் தவறாமல் வந்தது. ரயிலில் தவறான பெட்டியில் ஏறி, வேறு யாருடைய பிறந்தநாள் கேக்கையோ ரயில்வே உபசாரம் என்று நினைத்து நம்ம ஆள் வெட்டித் தின்றதைக் குரங்கு எழுதியது. பனி மூடிய மழையில் ஏறியதாக எழுதியது. "மழையில் ஏற முடியாது, நனையத்தான் முடியும்" என்றது சிவப்புப் பென்சில். கூட்டத்தில் யாரோ தன் வாளை மிதித்துவிட்டதாகக் குரங்கு அழுதபோது, "உறையில் போட்டுக்கொள்" என்று பதில் வந்தது. மனைவி இதையெல்லாம் கண்டும் காணாமல் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆசை யாரை விட்டது! ஐந்தாம் நாள் நம்ம ஆள் கொஞ்சம் துணிந்துவிட்டார். தப்புக்குத்தானே பதில் வருகிறது, தப்பைக் கூட்டினால் என்ன என்று, ஒரே பக்கத்தில் வேண்டுமென்றே பதினாறு பிழைகளை அள்ளித் தெளித்தார். பாலத்தைப் பாளம் ஆக்கினார், கிளியைக் கிழி ஆக்கினார், பல்லியும் பள்ளியும் ஒன்றாயின. அன்று தாளில் ஒரு திருத்தமும் இல்லை. கடைசியில் மட்டும் ஒரு வரி இருந்தது: "நடிப்பு. இனிமேல் நிஜத் தப்பு மட்டும் அனுப்பவும்." ஐம்பது கிலோ எடையைத் தோளில் வைத்துக்கொண்டு பத்து மாடி ஏறியபோதுகூட அவருக்கு அப்படி வியர்த்ததில்லை. நிஜத் தப்புக்கு அவரிடம் பஞ்சம் இல்லை என்பதால் மறுநாளே நிலைமை சீரானது.

ஏழாம் நாள் தங்கிய இடம் பழைய காலத்துக் கட்டடம். கம்பிக் கதவை இழுத்து மூடினால் மட்டும் ஓடுகிற பழைய லிஃப்ட் ஒன்று அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் கல்யாணப் போட்டோவில்கூட இல்லை என்று மனைவி பிறகு சொன்னாள். மூன்று பேரும் ஏறினார்கள். கதவை அவரே பதமாக இழுத்து மூடி, பொத்தானை அழுத்தி, அந்த இயந்திரத்தின் அருமை பெருமைகளைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல் குலுக்கி, லிஃப்ட் நின்றுவிட்டது.

"யாரும் எதையும் தொடாதீங்க. பயப்பட ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல" என்றார் அவர். ஆரம்பித்தார். மோட்டார் சூடாகியிருக்கும் என்றார். பத்து நிமிடம் கழித்து, இல்லை, மின்சாரம் போயிருக்கும் என்றார், தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. கூரையில் காதை வைத்துக் கேட்டார். தரையைத் தட்டிப் பார்த்தார். அவசர மணியை மனைவி அழுத்தப் போனபோது, "இருபத்திரெண்டு வருஷம் சர்வீஸு, என் மானத்த வாங்காத" என்று தடுத்தார். நாற்பது நிமிடம் கழித்து, பெட்டிக்கு எதிர்ப்பக்கம் தொங்குகிற எடைக்கட்டை தடம் மாறியிருக்கிறது, கட்டடத்தையே கொஞ்சம் உடைக்க வேண்டியிருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்.

"அம்மா" என்றாள் மகள், நிதானமாக. "குரங்கு வால் கதவுல மாட்டியிருக்குன்னு சொல்லும்மா."

திரும்பிப் பார்த்தார். அவருடைய தோள்பையிலிருந்து தொங்கிய வால் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. போகிற வழியில் அது சிக்கி இழுத்ததில் கதவு ஒரு விரல் அளவு திறந்துகொண்டிருந்தது. கதவு மூடாவிட்டால் லிஃப்ட் ஓடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். வாலை உருவிக் கதவை இழுத்து மூடினார். லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே கிளம்பியது. அப்போது அந்தப் பெண் சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து, மூச்சு முட்ட முட்ட. மனைவியும் சிரித்தாள். கடைசியில் அவரும் சிரித்தார். மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவர் மனசு விட்டு எழுதினார். "நாம் மூவரும் நாற்பது நிமிடம் ஒரே பெட்டியில் இருந்தோம். நம்ம ஆள் மாதிரி ஒரு மெக்கானிக் இருந்தால் நாம் படியிலேயே போயிருக்கலாம். ஆனாலும் நாம் இன்னொரு நாற்பது நிமிடம் மாட்டியிருந்தாலும் பரவாயில்லை." இப்படியே பக்கம் முழுக்க. குரங்கின் மடியில் வைத்துவிட்டுக் காப்பிக்குப் போய், வேண்டுமென்றே மெதுவாகக் குடித்துவிட்டு வந்தார்.

தாளில் லகர ளகரமெல்லாம் வழக்கம்போலத் திருத்தப்பட்டிருந்தன. ஆனால் "நாம்" என்று இருந்த ஏழு இடங்களிலும் அழுத்தமாகக் கோடு போட்டு அடித்து, மேலே "நாங்கள்" என்று எழுதியிருந்தது.

இலக்கணம் தெரியாதவருக்கும் இது தெரியும். நாம் என்றால் நீயும் நானும் சேர்ந்தது. நாங்கள் என்றால் கேட்கிற ஆளை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது. படிக்கிறவள் அவள். அவளே தன்னை அதிலிருந்து அடித்துக்கொண்டுவிட்டாள். உங்களோடு என்னைச் சேர்க்காதீர்கள் என்று ஒரு பிள்ளை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்லும்? லிஃப்ட்டில் சிரித்தது குரங்கைப் பார்த்து வந்த சிரிப்பு, தன்னைச் சேர்த்துக்கொண்ட சிரிப்பு இல்லை என்று அவருக்கு விளங்கிப்போனது. அவருக்கு அழுகை வந்தது. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிழைக்கு அழுவதாவது என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு காப்பி எடுக்கப் போனார்.

ஒன்பதாம் நாள் காலையில் ரிப்போர்ட் இல்லை. குரங்கு மேஜையில் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தது. மகள் பென்சிலைச் சீவினாள். பிறகு இன்னொரு தடவை சீவினாள். விமான நிலையத்தில் காத்திருந்தபோது பொறுக்க முடியாமல், "இன்னைக்கு ஏன் ரிப்போர்ட் இல்லன்னு கேளும்மா" என்றாள்.

"நீயே கேளு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேலை பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி.

மகள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவருடைய மடியில் இருந்த குரங்கைப் பார்த்து, "ஏன் இன்னைக்கு எழுதல?" என்றாள்.

"குரங்குக்கு மனசு சரியில்லயாம்" என்றார் அவர்.

"ஏனாம்?"

"ஏழு இடத்துல 'நாம்'ங்கிறத அடிச்சுட்டாங்களாம்."

"அது தப்பு. அதான் அடிச்சேன்."

"அதுல என்ன தப்பு?" குரங்கை மறந்து, தன் வாயாலேயே கேட்டார். "நாம மூணு பேரும் சேர்ந்துதானே மாட்டினோம்?"

மகள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பையைத் திறந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். ஏழு நாள் ரிப்போர்ட்டும் ஒரு பிழை இல்லாமல், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் அதில் ஏறியிருந்தன. முதல் பக்கத்தில் குரங்கின் படம். அதைத் தூக்கிக்கொண்டு மீசையும் தொப்பையுமாக ஓர் ஆள்.

"ஸ்கூல் தொறந்ததும் இத கிளாஸ்ல படிக்கப் போறேன்" என்றாள். அவள் குரலில் வாத்தியாரம்மாக்களின் அலுப்பு ஏறியிருந்தது. "கேக்கப் போறது என் கிளாஸு. அவங்களா நம்மகூட லிஃப்ட்டுல மாட்டினாங்க? மாட்டினது நாமதானே! அத அவங்ககிட்ட சொல்லும்போது 'நாங்கள்'னுதானே வரும்? இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அம்மா படக்கென்று கண்ணைத் திறந்தாள். "ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது? 'உங்களுக்கு'ன்னு சொல்லு."

மடியிலிருந்த நோட்டு கீழே விழுவதுகூடத் தெரியாமல் அவர் பதறி எழுந்தார். "ஐயோ, விடும்மா" என்று மனைவியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அத மட்டும் திருத்தாத."