கடப்பில் நின்ற குசினி வான்

1. கொழும்பிலிருந்து ஒரு வெறும் வான் வந்தது. முன்னுக்கு ட்றைவரின் ஆசனம், பின்னுக்குத் தகரப் பெட்டி போல ஒரு வெற்றிடம்.
2. கேஸ் அடுப்பும் சிலிண்டரும் றெகுலேட்டரும் றப்பர் குழாயும் வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் வேறாக வந்தன.
3. வானுக்குள் குசினியை எப்படி அமைப்பது என்று நான் ஒரு வரைபடம் கீறினேன். றசீனாவும் ஒன்று கீறினாள்.
4. அவளுடைய வரைபடம் எடுக்கப்பட்டது.
5. அதைப் பொருத்தும் வேலை என்னிடம் தரப்பட்டது.

எங்கள் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வானைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்கிறார்கள். ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

நானும் றசீனாவும் கொழும்பில் ஒரே வகுப்பில் மனையியல் படித்தவர்கள். நான் கல்முனைக்குடி, அவள் மருதமுனை. படிப்பு முடிந்ததும் அவள் ஊருக்கு வந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று கேஸ் அடுப்புப் பொருத்தும் வேலையையும் பழகினேன். பிறகு இருவரும் பெண்கள் பயிற்சி நிலையத்தில் ஆசிரியைகளானோம். நிலையத்துக்கு வர முடியாத பெண்களின் வீட்டு வளவுக்கே போய்ச் சமையல் காட்டத்தான் வான் வந்தது. அதில் ஒருத்திதான் போகலாம், மற்றவள் நிலையத்தில் நிற்க வேண்டும். முதல் செய்முறை முடிந்த பிறகு ஆளைத் தீர்மானிப்பதாக மேற்பார்வையாளர் மிஸ் சொல்லியிருந்தார். வானில் போகும் அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.

என் வரைபடத்தில் வானின் பக்கக் கதவு மேலே தூக்கித் திறக்கும். அடுப்பு ட்றைவரின் முதுகுக்குப் பின்னால், காற்றுப் படாத மூலையில். கொழும்பில் நான் பார்த்த வான் அப்படித்தான் இருந்தது.

மிஸ் இரண்டு தாளையும் மேசையில் விரித்தார். “ஹாஜறா, உன்ட கோடெல்லாம் நல்ல நேரா இருக்கு. ஆனா இந்தக் கதவு தெருவுக்குத்தானே திறக்குது? உங்கட பொம்பிளையள் தெருவில வந்து நிப்பாங்களா?”

“நிக்க மாட்டாங்க மிஸ்,” என்றாள் றசீனா. “வானப் பின்னுக்கு எடுத்து வேலிக் கடப்பு வாசலுக்குள்ள செருகிருவம். முதுகு வளவுக்குள்ள, மூஞ்சி தெருவில. அடுப்பு பின்கதவடியில. ட்றைவர் தெருவப் பாத்துக்கிட்டு இரிக்கட்டும். வேலி அடைச்ச மாதிரியும் போயிரும்.”

மிஸ் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. என் உம்மா மீன்காரனோடு பேரம் பேசுவதுகூடக் கடப்பில் தொங்கும் தென்னோலைக் கிடுகுக்கு உள்ளே நின்றுதான். அந்த வீட்டில் வளர்ந்த நான் தெருவைப் பார்த்துக் கதவு கீறியிருக்கிறேன். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மரவேலைக்கு மீராசா காக்கா வந்தார். தோணியும் அலுமாரியும் செய்கிறவர். மணல் ரோட்டில் வான் குலுங்கும்போது இழுப்பறை லாச்சிகள் வெளியே பாயாமல் இருக்க மரத் தாழ் வைத்தோம். தட்டுகளின் ஓரத்தில் உயரமான விளிம்பு. பீங்கான்கள் நிறுத்தி வைக்கக் காடி வெட்டிய பலகை. அடுப்புக்குப் பின்னால், பலகையில் முட்டாமல் இடைவெளி விட்டு ஒரு தகரம்.

சிலிண்டர் பெட்டியை றசீனா அடுப்பின் கீழே மூடியபடி கீறியிருந்தாள். அதன் அடித்தளத்தில், வானின் அடிவரை போகும்படி துளைகள் போடச் சொன்னேன்.

“றசீனா மகள்ட படத்தில ஓட்டை இல்லையே,” என்றார் மீராசா காக்கா. “உங்களுக்கு அவவோட கோவமெண்டா நல்ல பலகையில ஏன் ஓட்டை?”

“கேஸ் ஒழுகினா வெளிய போக வழி வேணும் காக்கா.”

“அப்ப மேலயல்லவா போடணும்? மணம் மேலதானே போகும்.”

“இது சாம்பிறாணிப் புகை இல்ல. காத்தவிடப் பாரம். தண்ணி மாதிரிக் கீழ போய்க் கிடக்கும்.”

அவர் துளையிடும் துறப்பணத்தை எடுத்தார். கோபம் என்று அவர் சொன்னது சரி. துளை வேண்டும் என்பதும் சரி.

காற்றைப் பற்றி றசீனாவிடம் சொன்னேன். பின்கதவடியில் அடுப்பு இருந்தால் கச்சான் காற்று சுவாலையை அணைத்துவிடும் என்றேன். “காத்து வாற பக்கம் பாத்து வான விடுவம் கா,” என்றாள். மிஸ்ஸிடமும் சொன்னேன். “முதல்ல ஒருக்காக் கொண்டுபோய்ப் பாப்பம்,” என்றார்.

முதல் செய்முறை மருதமுனையில், தறி இருக்கும் ஒரு வீட்டில். வான் கடப்பை அடைத்துக்கொண்டு நின்றதும் தறிச் சத்தம் நின்றது. பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வளவுக்குள் கூடினார்கள். றசீனா மீன் ஆணம் வைத்தாள். நான் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றேன். மேற்பார்வைக்கு மிஸ்ஸும் வந்திருந்தார்.

“நெருப்பு நீலமா இரிக்கி. இதுல வேகுமா கா?” என்று கேட்டார் வீட்டுக்காரப் பெண்மணி.

“உங்கட கோவத்தவிடக் கெதியா வேகும் மாமி,” என்றாள் றசீனா. வளவு முழுக்கச் சிரித்தது.

அப்போது ஒரு வீச்சுக் காற்று வந்து அடுப்பு அணைந்தது. கேஸ் சீறிக்கொண்டிருந்தது. றசீனாவின் கை நெருப்புப் பெட்டிக்குப் போனது. நான் சிலிண்டரை மூடி, பெட்டியைப் பறித்தேன்.

“கிழிக்காத. எல்லாரும் தள்ளிப் போங்க. கிட்ட நிக்காதீங்க.”

பழகியபடியே செய்தேன், உரத்த குரலில். வளவு ஒரு நொடியில் வெறுமையானது. வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டார்கள். “வெடிக்கப்போகுதாம்,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். ட்றைவர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: “மிஸ், நானும் இறங்கட்டா?”

துளைகள் வழியாகவும் திறந்த கதவு வழியாகவும் கேஸ் கலைந்து போனது. மணம் அற்றதும் மிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வான் எனக்குத்தான் என்று அந்த நேரம் நினைத்தேன். றசீனாவின் முகம் வெளிறியிருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அவள் போய் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“மாமி, ஆணம் அரைவேக்காட்டில கிடக்கு. உப்புப் பாக்க ஆளில்ல. நான்தான் பிழையா நெருப்புக் கிழிக்கப் போனன். ஹாஜறா தடுத்துப்போட்டா. வந்து அவகிட்ட என்னெண்டு கேளுங்க.”

கதவு திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். என்னிடம் கேட்டார்கள், நான் விளக்கினேன். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பிழையைச் சொல்லியும் ஒருத்தி முன்னைவிட அதிகமாக விரும்பப்படுவாள் என்பதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

திரும்பும் வழியில் மிஸ் சொன்னார்: “அடுப்பு உன்ட கையில இருந்தாத்தான் எனக்கு நித்திரை வரும். வானோட றசீனா போகட்டும்.”

“ஏன் மிஸ்? நான் செய்ததில என்ன பிழை?”

“ஒரு பிழையும் இல்ல புள்ள. ஆனா நீ மட்டும் போயிருந்தா அந்தக் கதவு இண்டைக்குத் திறந்திருக்காது.”

புதிய பிள்ளைகளுக்கு: அடுப்பு அணைந்தால் முதலில் சிலிண்டரை மூடுங்கள். நெருப்புப் பெட்டியைத் தூர வையுங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, மணம் முற்றாகப் போகும்வரை காத்திருங்கள். நிற்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், ஆனால் தாழ்ந்த குரலில். அந்தக் கடைசிச் சொல்லை நான் பழகியது கொழும்பில் இல்லை.

அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகர மறைப்பு அடித்துக் கொடுத்தேன். அதன்பிறகு காற்றுக்கு அணைந்ததில்லை. வானில் றசீனா போகிறாள். நான் நிலையத்தில் படிப்பிக்கிறேன். காலையில் அவள் புறப்படுமுன் இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நான். பின்னேரம் அவள் வந்து, இன்று எந்த வளவில் யார் என்ன சொன்னார்கள் என்று கதைப்பாள். கேட்கப் பிடிக்காது. ஆனாலும் முழுவதையும் கேட்கிறேன். இரண்டாவது வான் ஒன்று வேண்டும் என்று விண்ணப்பித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.