வெள்ளிக்கிழமைப் பாடு

என் தங்கை இளவரசி இதுவரை ஜெயித்தவை: இரவல் புத்தகத்தில் படித்துப் பத்தாம் வகுப்புக் கணக்கில் முழு மதிப்பெண். சென்னையில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு ஓர் இடம். அதுவும் நேர்காணலில் ஆங்கிலம் வாயில் வராமல் போக, எழுந்து போய்ப் பதிலைப் பலகையில் எழுதிக் காட்டி வாங்கியது. இருபத்தொன்பது வயதாகியும் வீட்டில் கல்யாணப் பேச்சு முற்றாமல் பார்த்துக்கொண்டது. இந்த மூன்றில் கடைசியானதுதான் கடினம் என்பாள்.

அவள் எதிரில் ‘எப்பவும்’ என்ற சொல்லை அசட்டையாகப் பயன்படுத்தக் கூடாது. “நீ எப்பவும் செல்போன மறந்துட்டு போறே” என்று எங்கள் அம்மா ஜெயம்மா சொன்னால் விடமாட்டாள்.

“எப்பவுமா? போன தபா எடுத்துகினுதானே போனேன்? ஒரு தபா தப்புனாகூட அது எப்பவும் இல்லம்மா.”

“இவளுக்கு வாயத் தொறக்காத மாப்பிள்ளையா பாக்கணும்” என்று அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போவார்.

அவள் படிப்புக்குக் காலத் தருக்கம் என்று பெயர். நான் எட்டாவதோடு நின்றவன். புரிந்த அளவில் எழுதி, அவளிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். ‘எப்போதும்’, ‘என்றாவது’, ‘அதுவரை’ என்ற மாதிரிச் சொற்களை வைத்துச் செய்யும் கணக்கு அது. லிஃப்ட், சிக்னல், ரயில்வே கேட் போன்றவை எந்த விதிப்படி ஓடுகின்றன என்று எழுதிக்கொண்டு, அந்த விதி எங்காவது கைவிடுமா என்று தேடுவாள். ஆயிரம் முறை சரியாக ஓடியது என்று சொன்னால் அவளுக்குப் போதாது. ரயில் போகும்போது கேட் எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூடிய கேட் என்றாவது திறக்கவும் வேண்டும். இரண்டும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியவை.

“கேட்ட மூடியே வெச்சிட்டா ஆக்சிடென்ட்டே ஆவாதுண்ணா. ஆனா எவனும் வூட்டுக்குப் போவ முடியாது” என்று எனக்கு விளக்கினாள்.

மீஞ்சூரில் கேட் விழுந்தால் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். சிவப்பு விளக்கையும் தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். ரயில்வேயிலிருந்து சோதனைக்கு வந்தவள் என்று நினைத்து கேட் கீப்பர் ஒருமுறை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஆள் குட்டை. பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சாக்பீஸ் இருக்கும். காகிதம் கிடைக்காத இடத்தில் தரையிலும் கதவிலும் வட்டங்கள் போட்டு அம்புக்குறியால் இணைப்பாள். என் படகின் உட்பலகையிலும் போட்டிருக்கிறாள். மடவை மீனை முள்ளெடுத்து முடிக்க மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு இன்றுவரை நீச்சல் சரியாக வராது.

சென்ற ஆண்டு பங்குனித் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் ஊர் முறையைச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஏரி ஆழமாக இருக்கும் ஓரிடத்தில் இறால் நன்றாக விழும். அங்கே ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் வலை கட்டலாம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யாருக்குப் பின் யார் என்பதை அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். வெள்ளிக்கிழமை வலை இறங்காது. வெள்ளியில் பாடு விழுந்த வீட்டுக்கு அந்த முறை போனதுதான். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் இறங்குவார். ஒரு நாள் ஓய்ந்த தண்ணீர் என்பதால் சனிக்கிழமைப் பாடு கனமாக இருக்கும்.

வெகு காலம் பதிமூன்று பங்கு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிவசங்கரும் அவர் தம்பியும் வீடு பிரிந்ததால் பதினான்கு ஆகி, புதிதாகச் சீட்டு எடுத்தோம். அதிலிருந்து கோவிந்தம்மா பெரியம்மா வீட்டுக்கு ஒரு பாடுகூடக் கிடைக்கவில்லை. முறை வந்தால் வெள்ளியாக இருந்தது. அவர் கணவர் உயிரோடு இல்லை. மகன் லோகேஷ்தான் தொழில் செய்கிறான். அம்மன் கொடுத்த சீட்டு, அவர்கள் ராசி அப்படி என்று ஊரே இரங்கியது. பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்து, பாடு போன வெள்ளிகளில் கோயிலுக்கு விளக்குப் போட்டார். கடைசியில் படகையும் வலையையும் விற்பது என்றாயிற்று. வாங்குபவர் ஞாயிற்றுக்கிழமை சூலூர்ப்பேட்டையிலிருந்து வருவதாக இருந்தது.

“பாவம், அவளுக்கு எப்பவும் வெள்ளியே வருது” என்றார் அம்மா, இறால் உரித்துக்கொண்டே.

“எப்பவுமா?” என்றாள் இளவரசி. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இந்த முறை இளவரசி வாதாடவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

“அண்ணா, மொத்தம் எத்தினி பங்கு?”

“பதினாலு.”

“வெள்ளிக்குப் பதினாலு நாள் கழிச்சு இன்னா கெழம?”

நான் விரல் விடத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

“பதிமூணா இருந்தப்ப வெள்ளி ஒவ்வொரு வூடா சுத்திகினு இருந்துச்சு. பதினாலுன்னா சரியா ரெண்டு வாரம். வெள்ளி ரெண்டு வூட்டுலயே குந்திகினு கீது. பெரிம்மாவுக்கு இன்னும் நூறு வருஷம் ஆனாலும் பாடு வராது.” என் கையிலிருந்த வலையைப் பிடித்தாள். “அடுத்த வூடு நம்முது. நமக்கு எப்பவும் சனி. இது நெசமாவே எப்பவும்தான். நான் நாளைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன்.”

படகுக்குப் புது மிஷின் வாங்கியது அந்தச் சனிக்கிழமைகளில்தான். தவணை இன்னும் முடியவில்லை.

“சொல்லு” என்றேன்.

மறுநாள் கோயில் கொட்டகையில் ஊர்க் கூட்டம். வெள்ளி விழும் இன்னொரு வீட்டுக்காரர் மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டவர், அவர் வரவில்லை. ஊர்ப் பெரியவர் அங்கமுத்து மாமா முழுக்கக் கேட்டுவிட்டு, “அம்மன் குடுத்தத நீ மாத்துவியா பாப்பா?” என்றார்.

“அம்மன் சீட்டுதான் குடுத்துச்சு மாமா. வூட்ட ரெண்டா பிரிச்சது சிவசங்கர் அண்ணன்.”

கொட்டகை சிரித்தது. அவள் சிமெண்டுத் தரையில் பதினான்கு வட்டம் போட்டு, ஒரு மட்டிச் சிப்பியை வெள்ளிக்கிழமையாக வைத்து ஏழு ஏழாக நகர்த்தினாள். சிப்பி இரண்டே வட்டங்களில் மாறி மாறி உட்கார்ந்தது. ஒன்றில் கோவிந்தம்மா பெயர். பிறகு பதினைந்தாவதாக ஒரு வட்டம் சேர்த்து நகர்த்தினாள். சிப்பி ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பதினஞ்சாவது யாரு? சிவசங்கரு, இன்னொரு தபா பிரியேன்” என்றது ஒரு குரல்.

“இளவழகா, உன் தங்கச்சியே உன் சனிக்கு ஆப்பு வெக்குது பாரு” என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து, “கணக்கு சரிதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஓரத்தில் நின்ற கோவிந்தம்மா பெரியம்மா முன்னால் வந்தார். “பதினஞ்சாவது பங்கு அம்மனுக்குக் குடுங்க. அன்னிக்கு வுழறது கோயிலுக்கு. எனக்கு வந்த வெள்ளிய அவளும் ஒரு தபா பாக்கட்டும்.”

அங்கமுத்து மாமா அம்மன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “செரி” என்றார். லோகேஷ் வெளியே போய், “ஞாயித்துக்கெழம வர வேணாங்க. படகு விக்கல” என்று போனில் சொன்னது உள்ளே கேட்டது.

புது முறைக்குப் பங்குக்காரர்கள் பாடு எழுதும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் மட்டுமே போட்டுவந்த புத்தகம் அது. பதினான்கு பங்குக்கும் இடம் குறித்தாயிற்று. பதினைந்தாவது வரியில் ‘அம்மன்’ என்று எழுதியதும் அங்கமுத்து மாமாவின் பேனா நின்றது.

“அம்மனுக்கு யாரு போடறது?” என்று அவரே கேட்டார். பூசாரி பேனாவுக்காகத் தன் சட்டைப் பையைத் தொட்டார். மாமா அவரைத் தாண்டிப் புத்தகத்தை இளவரசி பக்கம் தள்ளினார். “இம்மாம் நேரம் அவ பங்குக்குப் பேசுனது நீதானே. போடு.”

இளவரசி துப்பட்டாவில் சாக்பீஸ் தூளைத் துடைத்தாள். பெயரை முழுதாக எழுதினாள்.

“தேதியும் போடும்மா.”

போட்டாள்: 15.3.2024, வெள்ளிக்கிழமை.