ஓடும் பஸ்ஸில் நான் திறந்த கதவு

கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காரணமே இல்லாமல் வரும் படபடப்புக்காக டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். ஓர் உபவாச ஜெபத்துக்குப் பிறகு, மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று நானாகவே முடிவு செய்து, வீட்டில் சொல்லாமல் நிறுத்திவிட்டேன்.

பத்தாம் நாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கரமனைப் பாலத்தை நெருங்கும்போது மூச்சு அடைத்தது, கைகள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். எப்படியாவது இறங்கிவிடவேண்டும் என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பெண் கண்டக்டர் பாய்ந்து வந்து என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அய்யோ சேச்சி, எந்தா இது!" என்று மலையாளத்தில் அலறியவர், நான் நடுங்குவதைக் கண்டதும் தன் சீட்டில் உட்கார வைத்தார். "பேடிக்கண்டா, பயப்படாத. என் கையப் பிடிச்சுக்கோ. மெதுவா மூச்சு விடு."

ஒவ்வொரு மூச்சுக்கும் "இயேசப்பா" என்றேன். இறங்கும் இடம் வருவதற்குள் நடுக்கம் அடங்கியது.

மாலையில் கணவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணு தெரியலன்னு கண்ணாடி போடுதியே, அது அவிசுவாசமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே டாக்டரிடம் போனோம்.

இப்போது டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவதில்லை. காலையில் ஜெபித்துவிட்டு அரைமணி நேரம் நடக்கிறேன். படபடப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். ஆராதனை முடிந்ததும் இரண்டு பெண்கள் என்னைத் தனியே அழைத்து, "நாங்களும் மாத்திரை சாப்பிடுதோம்க்கா" என்றார்கள்.