மடுத்தீன் அண்ணை அடைத்த வாசல்

வாருங்கள், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். பூசை முடிந்து நேரே வந்திருப்பீர்கள், கால் நோகும். எல்லாரும் சுகம்தானே? பிள்ளைகள் சுகமா? சாப்பாடு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். முப்பத்தோராம் நாள் சாப்பாடு எந்த நாட்டிலும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. அதுவரைக்கும் மடுத்தீன் அண்ணையின் இந்த நினைவு மலரில் என் பக்கத்தை வாசியுங்கள்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் அண்ணையின் வீட்டில் வந்திருந்து நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவருடைய மகள் டிலானி. அவள் இந்த நாட்டில் பிறந்தவள். ஆனாலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்து, என் பேச்சை நல்ல தமிழாக்கித் தட்டுகிறாள். இப்போதே முறைப்பாடு தொடங்கிவிட்டது. "மாமா, நீங்கள் ஓடுறியள். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ" என்கிறாள். சரி, மெதுவாகவே சொல்லுகிறேன்.

செய்தி வந்தபோது நான் ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கிழவி எந்தப் பாண் வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் நின்றாள். எங்கள் ஊரில் பாண் ஒன்றுதான், அதனால் யோசனையும் இல்லை. இங்கே முப்பது பாண், முப்பது யோசனை. அப்போது தொலைபேசி அடித்தது. டிலானிதான். "மாமா, அப்பா விடிய ஆறு மணிக்குப் போயிட்டார்" என்றாள். நான் "ஓம் பிள்ளை, வாறன்" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்த நினைவு வேறு. இனி அவர் அதைச் சொல்லப் போவதில்லை என்று நினைத்தேன். எதைச் சொல்லப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

மடுத்தீன் அண்ணையும் நானும் ஒரே விமானத்தில் ஜெர்மனிக்கு வந்து, பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கியவர்கள். எனக்கு இருபத்துநாலு வயது, அவருக்கு இருபத்தேழு. என்னிடம் ஒரு பை, அவரிடம் ஒரு பையும் ஒரு ரசமட்டமும். ரசமட்டம் என்றால், சுவர் நேராக நிற்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் மரக்கட்டை, அதுதான். ஊரில் அவர் கிணறு கட்டியவர். விமானநிலையக் காவலாளி அந்தக் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேசையில் வைத்தான். குமிழி ஒரு பக்கம் போயிற்று. அண்ணை என் காதுக்குள், "பாத்தியே, இவங்கட மேசை கோணல்" என்றார். அந்த நேரத்திலும் நான் சிரித்தேன். ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

பிறகு எங்களை ரைன் ஆற்றுப் பக்கம், பான் நகருக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு மாதத்தில் அண்ணை ஜெர்மன் பேசத் தொடங்கிவிட்டார். எனக்கு அது வரவேயில்லை. அரசாங்கக் கந்தோருக்கும் வைத்தியரிடமும் எனக்காக வந்து பேசியவர் அவர்தான். "நீ ஏன்டா பயப்பிடுறாய்? நான் உன்ர வாய் எல்லோ" என்பார். எனக்கென்று ஒரேயொரு வசனம் சொல்லித் தந்தார். "பிற்ற, லாங்சாம்." தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். "இது காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

ஒருமுறை எனக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல் வலித்தது. பல் வைத்தியரிடம் அண்ணைதான் விளக்கம் சொன்னார். மிகவும் நன்றாகச் சொன்னார், வைத்தியரே தலையாட்டி இரசித்துக் கேட்டார். கடைசியில் இடப்பக்கப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "அண்ணை, இது நல்ல பல்லு" என்றேன். "அதுவும் ஒருநாள் வலிக்கத்தான் போகுது, விடு" என்றார். அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். ஒருவரைப் பிடித்துவிட்டால் நாங்கள் கவனிப்பதில்லை.

இனி ஹோட்டல் கதைக்கு வருகிறேன். ஆற்றோரத்தில் பதினாலு அறை கொண்ட ஒரு சின்ன ஹோட்டலில் நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். கோப்பை கழுவத் தொடங்கி, காலைச் சாப்பாடு போட்டு, பிறகு குழாய் திருத்துவது, பனி வழிப்பது என்று எல்லாம் என் கைக்கு வந்தது. முதலாளியம்மாவின் பெயர் பிரிகிட்டே. பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அவ என்னை இருத்தி, தனக்கு இடுப்பு முடியவில்லை என்றும், இரண்டு வருடத்தில் ஓய்வெடுக்கப் போவதாகவும், நானும் என் மனைவியும் ஹோட்டலைக் குத்தகைக்கு எடுத்து நடத்தலாம் என்றும் சொன்னா. மெதுவாகத்தான் சொன்னா, முழுக்க விளங்கியது. அன்றிலிருந்து நான் அந்தப் படிகளில் ஏறின விதமே வேறு.

அவவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் நாலு கிழமை ஓய்வு விடுதிக்குப் போனா. போகும்போது ஹோட்டலை மூடி, ஒரு வேலையை என் பொறுப்பில் விட்டா. குசினிக்கும் காலைச் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு வாசல் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டடக் கொம்பனியின் தொலைபேசி எண்ணையும் எழுதித் தந்தா. நான் டிலானியைக் கொண்டுதான், அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, அவர்களுக்கு எடுத்தேன். ஆறு கிழமை கழித்துத்தான் வரலாம் என்றார்கள்.

அன்று பின்னேரம் மடுத்தீன் அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"ஆறு கிழமையோ? ஆறு கிழமையில நான் ஒரு கோயிலே கட்டிப்போடுவன்" என்றார்.

"அண்ணை, அவ கொம்பனியைத்தான் கூப்பிடச் சொன்னவ."

"கொம்பனிக்காரனுக்குச் சுவர். எனக்கு உன்ர சுவர். ரெண்டும் ஒண்டே?"

அவர் அப்போது முதுகு வருத்தத்தால் வேலை இல்லாமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து கார்களை எண்ணிக்கொண்டிருந்த மனிதர். எனக்கு மனம் கேட்கவில்லை. சரி என்றேன். பிரிகிட்டே தந்த கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இதில் என் பிழையும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் குசினி வாசலை வெட்டி முடித்துவிட்டார். கதவுதான் குசினிப் பக்கம் திறந்து அடுப்பில் இடித்தது. முட்டை பொரிப்பவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பொரிக்க வேண்டும். "பொரிக்கிற மணம் வெளியில போகாது, அதுவும் நல்லதுதானே" என்றார். அதைப் பிறகு மாற்றலாம் என்று விட்டுவிட்டு, சாவியை அண்ணையிடம் கொடுத்து, நானும் மனைவியும் அவவின் தமக்கை மகளின் முதல் நன்மைக்கு, முதன்முதல் நற்கருணை வாங்கும் விழாவுக்கு, லைப்சிக் நகரம் போனோம். ஞாயிறு முழுவதும் கொண்டாட்டம். திங்கள் காலையில் திரும்பி வந்தேன்.

சாப்பாட்டு அறையின் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அது திறந்தால் நேரே ஒரு ஒழுங்கை, குறுகலான தெரு. ஒழுங்கை அம்பு மாதிரி அந்தக் கதவை நோக்கியே வரும். அவசரத்துக்கு வெளியேறும் வாசல் அது. மேலே பச்சை விளக்கில் ஒரு மனிதன் ஓடுவான், நீங்கள் எல்லாக் கட்டடத்திலும் பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது பச்சை மனிதன் ஓடிக்கொண்டுதான் இருந்தான். அவன் ஓடிப் போக வாசல் இல்லை. அந்த இடத்தில் சுவர், பூச்சும் முடிந்து வழுவழுவென்று நின்றது.

"அண்ணை, வாசல் எங்கை?"

"அடைச்சிட்டன்" என்றார், தேத்தண்ணியைக் குடித்தபடி. "தெருக்குத்தடா உது. ஒழுங்கை நேரே வந்து வாசலில குத்துது. நாளைக்கு உன்ர கைக்கு வரப்போற இடம். தெருக்குத்து வாசலோட ஒருத்தனும் உருப்பட்டதில்லை."

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், நன்மை எடுக்கிறவர். ஆனால் தெருக்குத்துக்குப் பயம். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான், மாதாவும் வேண்டும், வாஸ்துவும் வேண்டும். நான் தலையில் கை வைத்தேன்.

"உது நெருப்புப் பிடிச்சால் ஓடுற வாசல் அண்ணை."

"தெருக்குத்தை அடைச்சால் நெருப்பு ஏன் பிடிக்குது?"

"உடைச்சுத் திறவுங்கோ."

"சாந்து காயட்டும். அவ வந்து பாக்கட்டும். பிடிக்காட்டில் உடைக்கிறன். நான் கதைக்கிறன் அவவோட. நான் உன்ர வாய் எல்லோ."

நான் நம்பினேன். முப்பது வருடமாக நம்பியதை அன்றைக்கு மட்டும் எப்படி நம்பாமல் விடுவது.

செவ்வாய்க்கிழமை, சொன்ன நாளுக்கு முதலே, பிரிகிட்டே வந்து இறங்கினா. தீயணைப்புப் பரிசோதகர் வந்து பார்க்க அன்றைக்கு டெர்மின் குறித்திருந்ததாம், எனக்குத் தெரியாது. அவ ஊன்றுகோலோடு முன்னால் வர, பரிசோதகர் கோப்போடு பின்னால் வந்தார். மூன்று பேரும் பின்சுவருக்கு முன்னால் நின்றோம். அண்ணை நாலாவதாக வந்து நின்றார், கையில் ரசமட்டம். பரிசோதகர் மேலே பச்சை மனிதனைப் பார்த்தார், கீழே சுவரைப் பார்த்தார், மறுபடியும் மேலே பார்த்தார். சுவரைக் கையால் தட்டியும் பார்த்தார். பிரிகிட்டே ஏதோ கேட்டா. யார் இதைச் செய்யச் சொன்னது என்று கேட்டிருப்பா.

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். என் வாய் பேசத் தொடங்கியது. நல்ல ஜெர்மன், வழக்கம்போல. ஆனால் பேசும்போது அவர் விரல் என்னை நோக்கி நீண்டது. எனக்குச் சரியாக விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் நினைக்க விரும்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்.

"பிற்ற, லாங்சாம்."

அந்தப் பரிசோதகர் நல்ல மனிதர். எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அண்ணை சொன்னதைத் திருப்பிச் சொன்னார். "இந்த வாசலை. அடைக்கச் சொன்னது. நீங்கள். என்று. இவர். சொல்லுகிறார்."

மெதுவாகச் சொன்னதால் எல்லாம் விளங்கியது.

இல்லை என்று சொல்ல எனக்கு ஜெர்மன் சொல் தெரியும். நைன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது வரவில்லை. அண்ணையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிகிட்டே கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "ஹெர் சூசை, நான் உங்களுக்கு ஒரு தொலைபேசி எண் எழுதித் தந்தேன்" என்று மட்டும் சொன்னா. அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அண்ணை "வாறன்டா, பிறகு கதைப்பம்" என்று வெளிக்கிட்டார். ரசமட்டத்தை யன்னல் விளிம்பில் மறந்து வைத்துவிட்டுப் போனார். ஹோட்டலின் குத்தகை வேறு ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை எடுத்து, ஓய்வு வரைக்கும் அங்கேயே மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கு அடுத்த நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். வந்து உண்மையைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். படிக்கட்டிலேயே நின்று பதில் சொன்னார். "நான் பதியாமல் வேலை செய்தது தெரிஞ்சால் என்ர விசாவில கை வைப்பாங்கள். டிலானி படிக்கிறாள். உனக்கென்னடா, நீ தாங்குவாய். நீ தாங்கிறவன்."

அவருக்குப் பயம் இருந்தது, அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் நோவு குறையவில்லை.

இந்த இடத்தில் டிலானி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, அப்பா எங்களுக்கு வேற மாதிரிச் சொன்னவர்."

"என்னெண்டு?"

"நீங்கள்தான் கட்டச் சொன்னதெண்டு. அவர் வேண்டாமெண்டு சொல்லியும் நீங்கள் கேக்கேல்லையெண்டு. அம்மாவும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருக்கிறா. கோயில்ல எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்."

பதினொரு வருடம் கோயிலில் நான் இருந்தது இடப்பக்க வாங்கில், அவர் இருந்தது வலப்பக்க வாங்கில். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நீங்கள் எல்லாரும் எனக்கு ஏன் கையை நுனியால் தந்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. ஒருமுறை காட்டிக்கொடுத்தார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் காட்டிக்கொடுத்திருக்கிறார், நான் அவருடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு செபம் சொல்லியிருக்கிறேன்.

"இதையும் போடுறதோ மாமா?" என்று டிலானி கேட்டாள்.

"உன்ர அப்பா, பிள்ளை. நீ சொல்லு."

அவள் மூக்கைத் துடைத்தாள். "மெதுவாச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் போடுறன்" என்றாள். நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அவள் போட்டிருக்கிறாள்.

போன மாதம் அண்ணை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மருத்துவமனைக்குப் போனேன். சலவை செய்த விரிப்பில் படுத்திருந்தார், அதை எந்த மூலையிலிருந்து மடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று இருந்தேன். "பிழை விட்டிட்டன்டா" என்று ஒரு சொல் போதும். கடைசியில் வாயைத் திறந்தார்.

"அந்தச் சுவர் இப்பவும் நிக்குதே?"

"இல்லை அண்ணை. அப்பவே உடைச்சுப்போட்டாங்கள். மூண்டு நாள் எடுத்தது."

"மூண்டு நாளோ" என்றார். முகம் மலர்ந்தது. "அப்ப நல்லாத்தான் கட்டியிருக்கிறன்."

அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ரசமட்டம்தான். பதினொரு வருடம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இன்றைக்கு டிலானியிடம் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்தேன், இதோ என் மடியில்தான் கிடக்கிறது. குமிழி இன்னும் சரியாகத்தான் ஓடுகிறது. கட்டினவர்தான் கோணல், கட்டை நேர். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். இவ்வளவையும் சொன்ன பிறகு எனக்குத் தோன்றுவது என்னவென்றால்

"தம்பி சூசை" என்று அடுத்த அறையிலிருந்து அக்கா, அண்ணையின் மனைவி, கூப்பிடுகிறா. "இவற்ற படம் சுவரில ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது. எவ்வளவு திருப்பினாலும் நேராகுதில்லை. உங்களிட்டை அந்த மட்டம் இருக்குதெல்லோ, எடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்கோ."

வாறன் அக்கா. டிலானி, அந்த வரியை அப்படியே விடு பிள்ளை, நான் உன்ர அப்பாவை நேராக்கிப்போட்டு வந்து