மணலுக்கு ஐந்து, உப்புக்கு ஐந்து

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் லீவைப் பாகம் பிரித்தபோது, ரயிலிலேயே கழியப்போகும் நாட்களை நான் நினைக்கவே இல்லை. எனக்கு ஜெய்சல்மேர் மணல்மேட்டில் ஐந்து நாள், மனைவிக்கு அவள் ஆசைப்பட்ட கட்ச் உப்புப் பாலைவனத்தில் ஐந்து நாள்.

தாம்பரம் ஸ்டேஷனில், வடக்கே போகும் வண்டியைப் பிடிக்க சென்ட்ரல் பக்கம் கிளம்பி, மின்ரயிலுக்காக நிற்கிறோம். கொய்யா விற்கும் அக்கா தன் கூடையை எங்கள் பெட்டிமேலேயே இறக்கிவைத்துவிட்டு விசாரிக்கிறார்.

"எங்கண்ணா, குடும்பத்தோட?"

"பாலைவனம் பாக்க. அதுவும் ரெண்டு!"

"வெயிலுக்கு இங்க இன்னா பஞ்சமா கீது? சரி, ரயில்ல எத்தினி நாளு?"

"போக மூணு நாள்..." என்று பெருமையாக ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொள்கிறேன்.

மனைவி கொய்யாவைக் கடிப்பதை நிறுத்துகிறாள். "வர மூணு. அப்ப மிச்சம் நாலுதானா?"

"அண்ணா இன்னா வேலை பாக்குது?" என்கிறார் அக்கா.

"பேங்க்ல" என்கிறாள் மனைவி.

"பேஜாருதான்."

மின்ரயில் வந்து நிற்கிறது. பெட்டியைத் தூக்கியபடி, அசட்டுச் சிரிப்போடு மனைவியிடம் கேட்கிறேன்: "இப்ப எதைம்மா விட்டுட்டுப் போலாம்?"

"உங்களை."