தவசி கம்பியைக் கடித்துக் கேட்டது

ஆரப்பாளையத்தில் ஆற்றை ஒட்டிய லாரி ஷெட்டில் தவசி என்று ஒரு ஃபிட்டர் இருந்தான். அவனுக்கு இரண்டு காதும் கேட்காது. காதோடு வாயை வைத்துக் கத்தினால் வெறும் இரைச்சலாக ஏதோ வரும், அவ்வளவுதான். ஆனால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த லாரி முனகினாலும், எங்கே வலிக்கிறது என்று கேட்க அந்தச் செவிடனிடம்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இது என்ன கூத்து என்று சிரித்தவர்கள் அவன் வேலை செய்வதைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டார்கள். முழ நீளக் கம்பி ஒன்றை எஞ்சின் மேல் ஊன்றி, மறுமுனையைக் கடவாய்ப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். இரும்பின் அதிர்வு பல்லில் ஏறி, தாடையில் ஏறி, மண்டைக்குள் சத்தமாகவே விழும். இதை அவனுக்கு எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் இரண்டு கையிலும் வேலை இருந்ததால் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருக்கிறான். அதன் நுனி ஓடுகிற எஞ்சினில் பட்டுவிட்டது. அன்றைக்கு அவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை, அழுதுகொண்டே கிடந்தான் என்று ஷெட்டில் சொல்வார்கள்.

அவன் காதைக் கெடுத்தது வியாதி அல்ல. மருது என்கிற டிரைவர். முப்பத்துநாலாம் வருஷம் மருது ஓட்டிய லாரியில் தவசி கிளீனராக இருந்தான்; வயது இருபத்தொன்று. வண்டியில் ஒரு கிறீச்சுச் சத்தம் வந்தது. முதலாளி கேட்டபோது, “மருது அண்ணே கிளட்சுல வச்ச காலை எடுக்கறதே இல்லீங்க, அதான் தேஞ்சு போச்சு” என்று இவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் சமயநல்லூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, இவனைக் கீழே இறக்கி, இரண்டு உள்ளங்கையையும் குவித்து இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தான் மருது. ஒரு தடவையோடு விடவில்லை. காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலர் நனைகிறவரை அறைந்தான். போலீசுக்கும் போகவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. கிளீனர் அடி வாங்குவதெல்லாம் அந்தக் காலத்தில் ஒரு சங்கதியா?

அதற்கப்புறம் தவசிக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். பெண்டாட்டி ஜெயக்கொடியின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பிள்ளைகள் அழுவதை வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கப் பழகிவிட்டான். மருதுவை மட்டும் மறக்கவில்லை. தெருவில் எதிரே கண்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

நாற்பத்துநாலாம் வருஷம் ஆடி மாதம், ஒரு முற்பகல், அந்த மருதுவையே கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான் கருத்தக்கண்ணன்.

கருத்தக்கண்ணன் மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். கை ஓங்காமல் அவனுக்குப் பேச வராது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் லாரிகளின் முதுகில் கரியடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பழைய லாரி ஒன்றை அவனுடைய அடியாள் காளை ஓட்டிவந்து நிறுத்தினான். அதன் டிரைவர் மருது, லாரியின் இடது பக்க மரத்தூணில் கட்டப்பட்டிருந்தான். சட்டை இல்லை. முதுகில் வார்வாராகத் தடிப்பு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

கருத்தக்கண்ணன் தவசியின் தோளைப் பிடித்துத் திருப்பி, உதடு தெரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

“ஒரு மாசமா பின்னாடி டக்கு டக்குன்னு சத்தம். பாரம் ஏத்துனா ரொம்பக் கேக்குது. தைப் பொங்கலுக்குத்தான் மெட்ராசுலேருந்து புதுக் கிரவுன் வாங்கியாந்து போட்டேன். இந்த நாயி அதைக் கழட்டி வித்துட்டு, தேஞ்ச சாமானைப் போட்டிருக்கான். பாத்துச் சொல்லு. உள்ளதுதான்னா, அவன் ஸ்டியரிங்கு பிடிக்கற கையை இங்கனயே ஒடிச்சுட்டுப் போறேன்.”

கிரவுன் என்பது பின் அச்சுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரம். யுத்தத்தில் உதிரிச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காத நேரம். அதைத் திருடி விற்றால் நல்ல விலை போகும் என்பது ஊருக்கே தெரியும்.

“பிரிச்சுப் பாத்தா ஒரு நாள் ஆவும் மொதலாளி” என்றான் தவசி.

“பொழுது சாய மில்லுல லோடு ஏத்தணும். உன் பல்லை வச்சுப் பாரு.”

இதற்குள் மருதுவின் பெண்டாட்டி இருளாயி ஓடிவந்துவிட்டாள். தலை கலைந்து, மாராப்பு மண்ணில் புரள, தவசியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. “அவரு களவாங்கல அண்ணே. பழசை மனசுல வச்சுக்கிறாதீங்க. உள்ளதை மட்டும் சொல்லுங்க, போதும்.” தவசி அவளைத் தூக்கிவிடவில்லை. காலை உருவிக்கொண்டு கம்பியை எடுக்கப் போனான்.

வேலையில் அவன் கெட்டிக்காரன். பின் சக்கரத்தில் வலது பக்கத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினான். இடது பக்கம் தரையிலேயே இருந்தது. அப்படி வைத்தால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும்போது உள்ளே இருக்கும் கிரவுன் ஒரு சுற்றுத்தான் சுற்றும். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தான். கோடு இரண்டு தடவை கீழே வந்துபோகும்போது ஒரு முறை தட்டினால் கோளாறு கிரவுனில். ஒவ்வொரு தடவைக்கும் தட்டினால் கோளாறு சக்கரத்துக்குள். மற்றவர் காதுக்குப் பாரம் ஏற்றினால்தான் அந்தச் சத்தம் கேட்கும். தவசியின் பல்லுக்குப் பாரம் வேண்டியதில்லை.

காளை எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டான். தவசி லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கம்பியை அச்சில் ஊன்றிக் கடித்தான். சுண்ணாம்புக் கோடு கீழே வந்தது. டக். மறுபடி வந்தது. டக். மூன்றாவது தடவை. டக். கம்பியின் முனையைச் சக்கரத்தின் பக்கம் நகர்த்தினான். சத்தம் பெருத்தது, கூடவே நறநறவென்று ஓர் அரைப்பு. சக்கரத்தின் உள்விளிம்பில் வழிந்திருந்த கிரீஸை விரலால் வழித்துப் பார்த்தான். அது முழுக்க மணல், ஆற்று மணல்.

போன மாதம் பாலத்தில் கடத்தல் அரிசிக்குச் சோதனை போட்டபோது, அரிசி மூட்டைகளோடு லாரியை வைகைக்குள் இறக்கி அக்கரை ஏற்றச் சொன்னவன் கருத்தக்கண்ணன்தான்; ஷெட்டு வாசலிலிருந்து தவசியே அதைப் பார்த்தான். அன்று சக்கரம் முழுகத் தண்ணீர். பேரிங்குக்குள் தண்ணீரும் மணலும் போய்க் குண்டுகளைத் தின்றுவிட்டிருந்தன. கிரவுனில் சத்தமே இல்லை. புதுசு புதுசாகத்தான் இருந்தது. மருது எதையும் திருடவில்லை.

இதெல்லாம் தவசிக்கு முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து நாலு வார்த்தை சொன்னால் கட்டை அவிழ்த்திருப்பார்கள்.

அவன் வெளியே வரவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, எஞ்சினை நிறுத்தி மறுபடி ஓட்டு என்று சைகை காட்டினான். இரண்டாவது தடவையும் அதே சத்தம்தான் வந்தது. மறுபடி சைகை காட்டினான். மூன்றாவது தடவை எஞ்சினை நிறுத்தியபின் காளை அதை மறுபடி கிளப்பவில்லை. வெளியே கருத்தக்கண்ணன் சொன்னதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தவசிக்குத் தெரியும். “இம்புட்டு நேரம் பாக்குறான்னா உள்ள கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்?” என்றிருக்கிறான்.

எஞ்சின் நின்றும் கம்பியில் சத்தம் நிற்கவில்லை. சளார், சளார் என்று வந்தது. தவசிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தூணில் கட்டியிருந்த மருதுவைத் தோல் வாரால் அடிக்கிறார்கள். அடி தூணில் இறங்கி, சட்டத்தில் இறங்கி, ஸ்பிரிங் வழியாக அச்சுக்கு வந்து, கம்பியில் ஏறி அவன் பல்லுக்கு வருகிறது. அடுத்த அடிக்கு இன்னொன்றும் வந்தது. தூணோடு நெஞ்சு அழுந்தக் கட்டுண்டவனின் அலறல். “அம்மா!”

தன் குரலைத் தவிர, பத்து வருஷத்தில் தவசி கேட்ட முதல் மனிதக் குரல் அதுதான். பெண்டாட்டி குரலைக் கேட்டதில்லை, பிள்ளைகள் குரலைக் கேட்டதில்லை. மருதுவின் அலறலைக் கேட்டான். அது அவனுக்கு இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, தேனாக இனித்தது. கம்பியை இன்னும் அழுத்திக் கடித்தான். ஒரு அடி, ஒரு அலறல். சமயநல்லூர் ரோட்டில் தான் இப்படித்தான் கத்தியிருப்போம் என்று நினைத்தான். இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டே ரெண்டு என்று எண்ணிக்கொண்டே கிடந்தான்.

லாரிக்கு அடியிலிருந்து பார்த்தால் கால்கள் தெரியும். காளையின் கால்கள் இறங்கி இடது பக்கம் போவதைப் பார்த்தான். கருத்தக்கண்ணனின் செருப்பு முன்பக்கம் போய், எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹாண்டிலோடு திரும்பி வருவதையும் பார்த்தான். ஹாண்டிலின் நுனி தரையில் கோடு கிழித்துக்கொண்டு வந்தது. எதற்கு என்று அவனுக்குத் தெரியும். இருளாயியின் முழங்கால்கள் மண்ணில் கிடந்தன. அப்போதும் நேரம் இருந்தது. வாயைத் திறந்து கம்பியை விட்டு, ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

கம்பியில் ஒரு சத்தம் வந்தது. இரும்பு உடைந்தால் எப்படிக் கேட்கும், வார்ப்பு உடைந்தால் எப்படி, கட்டை பிளந்தால் எப்படி என்று தவசிக்கு அத்துப்படி. இது எதிலும் சேரவில்லை. பச்சையாக, ஈரமாக ஒரு முறிவு. அதற்கப்புறம் ஓர் அலறல். இனித்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பியைத் துப்பிவிட்டுப் புரண்டு வெளியே வந்தான்.

மருதுவின் வலது மணிக்கட்டு லாரிப் பலகை மேல் வேறு திசையில் மடங்கிக் கிடந்தது. எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. கருத்தக்கண்ணன் அடுத்த கையையும் எடுத்து வைக்கச் சொல்லிக் காளைக்குக் கண்காட்டிக்கொண்டிருந்தான்.

“கிரவுன் இல்ல மொதலாளி!” தவசி கத்திய கத்தலில் தெருவில் போன வண்டிக்காரன்கூட நின்றுவிட்டான். “கிரவுன் புத்தம் புதுசா இருக்கு. சக்கரத்துப் பேரிங்குதான் போச்சு. உள்ள பூராம் ஆத்து மணலு. நீங்கதானே அரிசியோட ஆத்துல எறக்கச் சொன்னீங்க!”

பத்துப் பேர் நடுவில், பட்டப்பகலில், கடத்தல் அரிசியைப் பற்றி. கருத்தக்கண்ணனுக்கு முகம் கறுத்தது. ஹாண்டில் இன்னும் கையில்தான் இருந்தது. வீசினான். தவசியின் வாயில் நேராக விழுந்தது. முன்பல் மூன்று போய், உதடு கிழிந்து, அவன் ஜாக்கிமேல் சாய்ந்தான். மறுபடி ஓங்கியபோது ஷெட்டு ஆட்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். அரிசி என்ற பேச்சு காதில் விழுந்ததும் காளை மெல்ல நழுவிவிட்டான். அடியாட்களுக்கு எப்போது நழுவ வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். கருத்தக்கண்ணன் இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் இறைத்துவிட்டு நடந்தே போனான்.

மருதுவை அவிழ்த்து ஒரு மாட்டுவண்டியில் கிடத்தினார்கள். இருளாயி வண்டியில் ஏறப் போனவள் திரும்பித் தவசியிடம் வந்தாள். முந்தானையைக் கிழித்து அவன் வாயைத் துடைத்தாள்.

“உங்க காதைப் போக்குன மனுசனுக்காகப் பல்லையும் குடுத்தீங்களே அண்ணே” என்றாள். “நீங்க வாயைத் தொறக்கலேன்னா இன்னொரு கையும் போயிருக்கும். என் பிள்ளைக யாருகிட்டயும் கையேந்தாமச் சோறு திங்கப்போறது உங்களாலதான்.”

தவசி சொல்ல வாயெடுத்தான். முதல் தடவையே தெரிந்துவிட்டது தாயி, நான்தான் சொல்லாமல் படுத்துக்கிடந்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ரத்தமும் உடைந்த பல்லுமாக வார்த்தை குழறி வெளியே வந்தது.

“பேசாதீங்க அண்ணே, வலிக்கும்” என்று அவள் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

மருதுவின் கை கோணலாகத்தான் கூடியது. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்தான். கருத்தக்கண்ணன் அந்த லாரிக்கு வேறு ஷெட்டில் பேரிங் மாற்றி, வேறு டிரைவரைப் போட்டு ஓட்டினான். தவசிக்கோ ஊரில் நல்ல பேர். பகையை மறந்து உள்ளதைச் சொல்லிப் பல்லைப் பறிகொடுத்த மனுஷன் என்று டீக்கடையில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஜெயக்கொடிக்கும் பெருமைதான். அவளிடமும் அவன் சொல்லவில்லை.

இருளாயியின் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. வாய்க் காயம் ஒரே மாதத்தில் ஆறிவிட்டது. அதற்கப்புறம் தவசி இன்னும் இருபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தான். அந்தத் தெருப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை.